பூனையிடம் மட்டும் பேசிய மலையாளம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன் என்பேன். உடனே நாக்கைப் பற்றித்தான் பேச்சு வரும். "நாக்குக்கு அடியில ஒட்டியிருக்குதுங்களா?", "வசம்பு தேய்ச்சா சரியாயிருமுங்களா?", "இவங்கப்பாவும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலீங்க, இப்ப வாயை மூட மாட்டேங்கறாரு." நாக்கில் ஒன்றுமில்லை என்று விளக்கி விளக்கி என் நாக்குதான் தேய்ந்துபோயிற்று. சில பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், நாக்கு புரளும், புத்திக்கும் குறைவிருக்காது. ஆனால் சொற்களைக் கோத்து வாக்கியமாக்க வராது. நீங்கள் நீளமாக ஒன்று சொன்னால் அதில் பாதி அவர்களுக்குப் போய்ச் சேராது. மொழிக் குறைபாடு என்று ஃபைலில் எழுதுகிறோம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற பெயர் மக்கு, திமிர் பிடித்தது, இரண்டில் ஒன்று.

நான் ஜெகதளாக்காரி. வியாழக்கிழமை தோறும் குன்னூரிலிருந்து ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் பஸ் பிடித்து இறங்குவேன். ஒரு பள்ளிக்கூடத்தின் ஓரத்து அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, நாலு குட்டி நாற்காலி, வெளியே தாய்மார்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. சேரங்கோடு எஸ்டேட்டிலிருந்தெல்லாம் லீவு போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சந்தை மாதிரி பேச்சு ஆரம்பிக்கும். நான் அரை மணிக்கொரு முறை கதவைத் திறந்து, "ஏனுங்க, உள்ளே பாப்பா பேசறது எனக்குக் கேக்க வேண்டாமுங்களா?" என்று சத்தம் போடுவேன். என்னைக் கண்டால் கொஞ்சம் பயம் அவர்களுக்கு.

உண்மையைச் சொன்னால், இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை எனக்குக் கிடையாது. பிள்ளையிடம் ஒன்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும் என்பது எங்கள் பாடம். அதற்குள் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை இரண்டு வார்த்தை சொன்னால், தப்பு என்று திருத்தாமல், அதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். "குடை பெருசு" என்றால் "ஆமா, இந்தக் குடை ரொம்பப் பெருசு." இவ்வளவுதான் வித்தை. நீட்டிச் சொல்வது எனக்குச் சுலபம். பத்து எண்ணுவதுதான் உயிர் போகும். ஆறு, ஏழு வரும்போதே வாய் நமநமவென்று இருக்கும்.

குடை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்லப்போகிற பெண் குழந்தையின் அப்பாவுக்கு, அவள் வாயில் அத்தாவுக்கு, பஜாரில் குடைக்கடை. குடை, மழைக்கோட்டு, தார்ப்பாய், எஸ்டேட் ஆட்களுக்கான ரப்பர் பூட்ஸ். குழந்தைக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கம்பி இறங்காத குடையைக் கொடுத்தால் எங்கே சிக்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுவாள். ஆனால் அந்தக் குடையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் "குடை… இது…" என்று நின்றுவிடுவாள். கோயமுத்தூருக்கு அனுப்பிக் காதைப் பரிசோதிக்கச் சொன்னேன். காதில் பழுதில்லை.

"அப்புறம் என்னதானுங்க டாக்டரம்மா அவளுக்கு?" என்று அவள் அத்தா கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று நூறு முறை சொல்லிவிட்டேன், அவர் விடுவதாக இல்லை. "பாய், உங்க கடையில சரக்கு எல்லாம் இருக்குது. ஆனா கேட்டதைக் கேட்ட நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கற ஆளு புதுசு, தேடித் தேடி நிக்கறாரு. உங்க பாப்பாவுக்கு அந்த மாதிரி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்து, வீட்டில் என்ன பாஷை என்று கேட்டேன். "நமக்குத் தமிழுங்க. அவங்க உம்மா நிலம்பூர்க்காரி, மலையாளம். பாப்பாகிட்ட ரெண்டும் கலந்துதான் பேசறது" என்றார். குழந்தையின் அம்மா பக்கத்தில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து நான் சொன்னேன்: "பாப்பாவைக் குழப்பாதீங்க. இனிமே வீட்ல ஒரே பாஷை. ஸ்கூல்ல தமிழ்தான், அதனால தமிழ் மட்டும் பேசுங்க."

அவள் சரி என்று தலையசைத்தாள். ஃபைலில் எழுதிக்கொண்டேன்: "ஒரே மொழி, அறிவுறுத்தப்பட்டது." கீழே இன்னொரு வரி: "தாய் அதிகம் பேசாதவர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் படித்த காலத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது தப்பு, இரண்டு பாஷை கேட்பதால் இந்தக் குறை வருவதுமில்லை, ஒன்றை நிறுத்தினால் போவதுமில்லை என்று பிறகு படித்தும் இருந்தேன். என் தெருவையே பார்த்திருக்கலாம். வீட்டில் தமிழ், வாசலில் இறங்கினால் படுகர் பேசும் படுகு, கடைக்காரரிடம் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள் நான். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஊரே என் வாயைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. ஆனாலும் வெளியே பதினாலு பிள்ளைகள் காத்திருக்கிற ஒரு வியாழக்கிழமையில் பழைய பாடம்தான் வாயில் வந்தது. சொன்னதைத் திரும்ப யோசித்துப் பார்க்கவும் இல்லை.

எட்டு மாதம், ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார்கள். தோசை வேணுமா இட்லி வேணுமா என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருங்கள் என்று வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பேன். அம்மா பயபக்தியோடு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். குழந்தை முன்னேறினாள், ஆனால் நத்தை வேகம். அதைவிட எனக்கு உறுத்திய விஷயம், அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. முன்பு அறைக்குள் ஓடி வந்து பொம்மைகளைக் கவிழ்த்தவள், இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

இதற்கிடையில் அவள் படித்த பள்ளியில் வேறு கிளம்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்தப் பாப்பாவை ரெண்டாவதுக்கு ஏத்தி என்னங்க பண்றது? சொல்றது எதுவும் அவளுக்கு விளங்கறதில்லை. தூரத்துல சிறப்புப் பள்ளி ஒண்ணு ஹாஸ்டலோட இருக்குதாம். லீவு முடியறதுக்குள்ள அங்க சேர்த்துருங்கன்னு அவங்கப்பாகிட்ட சொல்லிருக்கேன். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

ஆறு வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் போடுவதா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தியில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை, அந்த ஹாஸ்டலுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று கத்தினேன். "அப்ப முன்னேற்றத்தைக் காட்டுங்க மேடம், நான் எதுக்கு அனுப்பப் போறேன்?" என்றார் அவர். கோபம் முழுவதையும் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொட்டினேன். "நீங்க வீட்ல பேசறீங்களா இல்லையா? கொஞ்சம் அக்கறை எடுங்கம்மா. இல்லேன்னா பாப்பாவை ஹாஸ்டலுக்குத்தான் அனுப்பணும்." "பேசுறேன் டீச்சர்" என்று முணுமுணுத்தாள். கண் கலங்கியிருந்தது. குழந்தை நடுவில் நின்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்காக எங்கள் அறையை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வேறு நாள் சொல்லி அனுப்பிவிட்டேன். லீவு நெருங்குகிறது, குடைக்கடைப் பாப்பாவை மட்டும் விட மனசில்லை. அவள் அத்தாவுக்குப் போன் போட்டேன். "நம்ம ஊட்டுக்கே வந்துருங்க டாக்டரம்மா, மதியம் சாப்பாடும் இங்கயே" என்றார். கடைக்கு மேல்தான் வீடு. நான் போனபோது கடையில் நாலைந்து பேர் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடை மழை திடீரென்று பிடித்துக்கொண்டது, அவரால் நகர முடியவில்லை. "படியேறிப் போங்க, உள்ளேதான் இருக்காங்க" என்று கை காட்டினார்.

தகரக் கூரையில் மழை அடித்த அடியில் நான் ஏறி வந்தது உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே இருந்து ஒரு குரல், மழையையும் மீறிக் கணீரென்று எனக்குக் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே போனேன். விருந்தாளி எல்லாம் இல்லை. அந்த அதிகம் பேசாத தாய் தரையில் உட்கார்ந்து மத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு சாம்பல் பூனை. அதனிடம்தான் பேச்சு.

"எடீ கள்ளீ, நினக்கு எப்பளும் மீன் வேணோ? இன்னலெ தந்நது எவிடெ?" அடி திருடி, உனக்கு எந்நேரமும் மீன் கேட்குதா, நேற்றுத் தந்ததெல்லாம் எங்கே என்று அதட்டல். அப்புறம் கொஞ்சல். அப்புறம் மாமியார் ஊரில் யாருக்கோ கல்யாணம், அங்கே போனால் பிரியாணி கிடைக்கும், நீ வருகிறாயா என்று ஒரு கேள்வி. மூச்சு விடாமல், கையை ஆட்டி, சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்கு மலையாளம் முக்கால்வாசி விளங்கும், பேச வராது. குழந்தை அம்மாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அம்மா மீன் சட்டியை மூடியதும் பூனை கத்தியது. குழந்தை அதன் முன்னால் மண்டியிட்டு, தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "மீன் தீர்ந்நு. நாளே… நாளே தராம். கரயண்டா."

மீன் தீர்ந்துவிட்டது, நாளைக்குத் தருகிறேன், அழாதே. நடந்தது, நடக்கப்போவது, ஆறுதல் எல்லாம் வரிசையாக, அதது அதன் இடத்தில். எட்டு மாதமாக நான் அட்டைப் படங்களை நீட்டி நீட்டிப் பிடுங்கப் பார்த்து வராத மூன்று வாக்கியங்களைப் பூனைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

அப்போதுதான் அவள் அம்மா என்னைப் பார்த்தாள். கத்தி கையிலிருந்து விழுந்தது. அவசரமாக எழுந்து, குழந்தையை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தி, பூனையைக் காட்டி, இதுவரை கேட்ட குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குரலில், "இது என்ன? இது பூனை. சொல்லு, பூனை" என்றாள். குழந்தையின் முகம் பழையபடி நாற்காலி நுனிக்குப் போய்விட்டது.

"டீச்சரே," என்று அந்த அம்மா என்னிடம் கெஞ்சினாள். "குட்டியோடு, பாப்பாவோடு பேசலை. பூச்சையோடு மட்டும்தான் மலையாளம். குட்டியோடு தமிழ்தான் பேசுறேன். படச்சோனாணே, அல்லா மேல சத்தியம். குட்டியை ஹாஸ்டலுக்கு எழுதாதீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் உள்ளே ஓடி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். சாட்சிக்கு. பக்கம் பக்கமாக மலையாள எழுத்து. படித்துக் காட்டச் சொன்னேன். "எழுந்திரு. பல் தேய். தோசை வேணுமா, இட்லி வேணுமா? இது என்ன நிறம்?" எழுத்துதான் மலையாளம், வாக்கியம் எல்லாம் தமிழ், அதிலும் பாதி நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தவை. தினமும் கடை சாத்தியதும் புருஷனைக் கேட்டு மறுநாளைக்கு வேண்டிய தமிழை எழுதி மனப்பாடம் செய்துகொள்வாளாம். கடையில் சாமான் கேட்கிற தமிழ் அவளுக்கு உண்டு. மகளைக் கொஞ்சுகிற தமிழ் கிடையாது. எட்டு மாதமாக அந்த நோட்டில் இருந்தவற்றை மட்டுமே மகளிடம் சொல்லியிருக்கிறாள். பிறந்த வீட்டுக்குப் போன் பேசினால்கூட மகள் காதில் விழாமல் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள். நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கதை இல்லை, கேலி இல்லை, திட்டுவதற்குக்கூட ஒரு வரி இல்லை.

"தப்பு என்னுதும்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா தப்பாகச் சொல்வாளா? திரும்பவும் சொன்னேன். "உங்க பாஷையில பேசுங்க. பூனைகிட்ட பேசினீங்க பாருங்க, அப்படியே பாப்பாகிட்ட பேசுங்க. இப்பவே பேசுங்க."

அவள் மகளைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தாள், நிஜமாகவே பேசலாமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். மனசுக்குள் எண்ணவும் ஆரம்பித்துவிட்டேன், பழக்கதோஷம். பத்து தாண்டி இருபது வரை போயிற்று. பிறகு அவள் குனிந்து, மீன் கையை விலக்கிக்கொண்டு, முழங்கையால் மகளை அணைத்து, "பேடிக்கண்டா. ஹாஸ்டலில் விடூலா. உம்மா விடூலா" என்றாள்.

பயப்படாதே, ஹாஸ்டலில் விட மாட்டேன், உம்மா விட மாட்டேன். தலைமையாசிரியரும் நானும் அத்தாவும் பிள்ளையின் தலைக்கு மேலேயே வாரக்கணக்கில் பேசிய ஹாஸ்டலைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிய முதல் ஆள் அவள்தான். சொல்வதற்கு அந்த நோட்டில் வரி இல்லாமல் இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குழந்தை நிமிர்ந்து பார்த்து, "ஒறப்பு?" என்று ஒரே வார்த்தை கேட்டாள். நிச்சயமாகத்தானா என்று. அவளும் எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கீழேயிருந்து பாய் மேலே வந்து, மூன்று பேரும் அழுவதைப் பார்த்து, பூனை செத்துவிட்டதா என்று கேட்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. என்னோடு படித்த பாலக்காட்டுத் தோழி ஒருத்தியைப் போனில் பிடித்து, வீடியோவில் முகம் தெரிகிற மாதிரி வைத்து, பாப்பாவை மலையாளத்தில் பரிசோதிக்கச் சொன்னேன். குழந்தைக்கு மலையாளத்திலும் குறை இருந்தது. கதை சொன்னால் முன்னுக்குப் பின் சொன்னாள், சொற்கள் நடுவழியில் சிக்கின. அப்படித்தான் இருக்கும், குறை உண்மையானால் அது இரண்டு பாஷையிலும் தெரியும். இரண்டு கையாலும் தட்டுத்தடுமாறி ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், ஒரு கையை எடு என்று சொல்லியிருக்கிறேன் நான்.

ரிப்போர்ட்டில் அதையும் எழுதினேன். முன்பு கொடுத்த ஆலோசனை தவறு, கொடுத்தது நான் என்று. தலைமையாசிரியர் படித்துவிட்டு, "அப்ப மலையாளம் பள்ளிக்கூடத்துல சேர்த்துரலாமுங்களே?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அடக்கிக்கொண்டு, அவள் வகுப்பு டீச்சரையும் உட்கார வைத்து, செய்ய வேண்டியதைச் சொன்னேன். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். "பத்தா? அதுக்குள்ள மத்த பசங்க கூரையைப் பிரிச்சிருவாங்க மேடம்" என்றார் டீச்சர். "எனக்கும் கஷ்டந்தானுங்க" என்றேன். கடைசியில் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். ஒரு வருஷம் போதும் என்றேன். போதுமா என்று எனக்கே தெரியாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை. மழை ஆரம்பித்து குடைக்கடையில் கூட்டம், அதனால் அம்மாதான் அழைத்து வந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. "லீவுல என்ன புதுசா நடந்துச்சு? சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழில் வழக்கம்போல வாய் நமநமத்தது. பத்து தாண்டியது. ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"உம்மா பேசுது" என்றாள்.

"ஆமா கண்ணு. உம்மா உங்கிட்ட இப்பப் பேசறாங்க" என்று முறைப்படி கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொன்னேன். வெளியே பெஞ்சில் அவள் உம்மா, சேரங்கோட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சத்தமாக என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் குழந்தை அடுத்துச் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து அதட்டவில்லை. நாற்காலியைப் பிள்ளையின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.